வரைகிற கைக்கும் வலிக்கும்



தீபாவளி மலர் வேலை தொடங்கிவிட்டது. கதைகள் வந்து சேர்ந்துவிட்டன, கவிதைகளும் வந்துகொண்டிருக்கின்றன. இனிப் படங்கள்தான் வர வேண்டும். ஓவியர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பேசியதில், அவர்கள் தயங்கித் தயங்கிச் சொன்ன ஒரே செய்தி என்னை விடாமல் தொடர்கிறது. "ராத்திரி விரலெல்லாம் மரத்துப்போய் முழிப்பு வந்துருதுங்க. கைய உதறிட்டு மறுபடி படுத்துக்குவேன்" என்றார் ஓர் இளம் ஓவியர். இன்னொருவருக்கு அரைமணி நேரம் கோடு போட்டால் கட்டைவிரல் உள்ளங்கைக்குள் இழுத்துக்கொள்கிறதாம். மூன்றாமவர் தன் வலியை விவரித்துவிட்டு, "இத யார்கிட்டயும் சொல்லிடாதீங்கண்ணே, அப்புறம் வேலை குடுக்க மாட்டாங்க" என்றார்.

கடைசியாகக் கேட்ட அந்த வார்த்தைக்காகத்தான் இந்த மாதப் பக்கத்தைக் கைவலிக்கு ஒதுக்குகிறேன்.

இதை எழுதுவது மலேசியாவின் தஞ்சோங் மாலிமில் இருந்து. பெர்னாம் ஆற்றுக்கு இந்தக் கரை பேராக், அந்தக் கரை சிலாங்கூர். கைத்திறனைப் பாடமாகச் சொல்லிக்கொடுத்த ஊர் இது. 1922 நவம்பரில் இங்கே திறக்கப்பட்ட சுல்தான் இட்ரிஸ் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில், மலாய் ஆசிரியர்களாகப் போகிறவர்கள் ஏட்டுப் படிப்போடு கூடை முடையவும் தோட்டம் போடவும் கற்றுக்கொண்டார்கள். அந்தக் கல்லூரிதான் 1997இல் பல்கலைக்கழகமாகி, இன்று உப்சி என்று நாம் அழைக்கும் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகமாக நிற்கிறது. ஓவிய ஆசிரியர்களும் தமிழாசிரியர்களும் அங்கிருந்து வருகிறார்கள். பை நிறையத் தூரிகையும் சுருட்டிய தாள்களுமாகப் பேருந்துக்கு நிற்கும் பிள்ளைகளை இந்த ஊரில் அடிக்கடி பார்க்கலாம்.

ஊரைத் தாண்டினால் தோட்டங்கள். இப்போது பெரும்பாலும் செம்பனை. கத்தோயாங், பேராங், களும்பாங், ஸ்லிம் ரிவர் என்று எந்தப் பக்கம் போனாலும் ஒரு காலத்தில் கித்தா எனும் ரப்பர்க் காடுதான். அங்கே உளி பிடித்த கைகளைப் பற்றிச் சொல்லாமல் ஓவியரின் கைக்கு வர எனக்கு மனமில்லை. இரண்டும் ஒரே வேலையைச் செய்த கைகள் என்றே நினைக்கிறேன்.

பால்மரம் வெட்டுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது மிக நுணுக்கமான கோட்டு வேலை. பட்டையில் ஏற்கெனவே இருக்கும் சாய்வான வெட்டின் மீது உளியை வைத்து, மேலே இடப்பக்கத்திலிருந்து கீழே வலப்பக்கமாக, ஒன்று அல்லது ஒன்றரை மில்லிமீட்டர் கனத்துக்கு ஒரு சீவல் எடுக்க வேண்டும். குறைவாகச் சீவினால் பால் வராது. கொஞ்சம் ஆழமாகப் போனால் மரத்தின் உயிர்ப்படலத்தில் பட்டுக் காயமாகிவிடும். அந்த இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், பிறகு அதில் ஒழுங்காக வெட்ட முடியாது. வெயில் ஏறுவதற்கு முன்பு பால் நன்றாக ஓடும் என்பதால், விடியாத இருட்டில் தலைவிளக்கு வெளிச்சத்தில் இதைச் செய்தார்கள். ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 400, 500 மரங்கள். ஒவ்வொரு மரத்திலும் மணிக்கட்டு வளைந்து, விரல்கள் இறுகி, முழங்கை இழுத்து, சின்னச் சின்ன இழுப்புகளாகப் பல இழுப்பு. அது முடிந்தால் மங்குகளில் இருந்த பாலை வாளியில் சேர்த்து, காண்டாக் கழியில் மாட்டித் தோளில் சுமந்து ஸ்டோருக்கு நடை.

என் அம்மாவும் அப்படி வேலை செய்தவர்தான். வயதான பிறகு காலையில் எழுந்தால் அவருடைய மோதிரவிரல் மடங்கியபடியே நிற்கும். மற்றக் கையால் பிடித்து நிமிர்த்துவார், 'டக்' என்று ஒரு சத்தத்தோடு நிமிரும். நாங்கள் அதை வயதின் கோளாறு என்றே எண்ணிக்கொண்டிருந்தோம். கோடாலித் தைலம் தேய்த்துக்கொள்வார், பிறகு அடுப்படிக்குப் போய்விடுவார். மரத்தில் காயம் பட்டால் வந்து பார்த்து, திட்டி, கணக்கில் எழுத ஆட்கள் இருந்தார்கள். கையில் பட்டதை எந்தக் கணக்கிலும் யாரும் எழுதவில்லை. பால்மரம் வெட்டிய பெண்களும் சொல்லவில்லை. சொன்னால் வேறு வேலைக்கு மாற்றிவிடுவார்கள், சம்பளம் குறையும். இன்று ஓவியர் ஒருவர் என்னிடம் "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்று கேட்டுக்கொண்டபோது, லயத்து வாசலில் கையை மடியில் மறைத்து உட்கார்ந்திருந்த அந்தத் தலைமுறைதான் எனக்கு நினைவுக்கு வந்தது.

கையில் என்னதான் நடக்கிறது? விரல்களை மடக்கவும் நீட்டவும் வேண்டிய பெரிய தசைகள் முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் இடையில் முன்கையில்தான் இருக்கின்றன. அங்கிருந்து நாண்கள் மணிக்கட்டு வழியாக விரல்களுக்கு ஓடுகின்றன. உள்ளங்கைப் பக்கம் மணிக்கட்டில் எலும்புகளாலும் ஒரு தடித்த பட்டையாலும் அமைந்த குறுகிய வழி இருக்கிறது. பள்ளிக்கூட வேனில் பிள்ளைகள் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பதுபோல, அதற்குள் 9 நாண்களும் ஒரு முக்கிய நரம்பும் போகின்றன. ஓயாத வேலையில் நாண்களின் உறை வீங்கினால் முதலில் நசுங்குவது அந்த நரம்புதான். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிரவிரலில் பாதி ஆகியவை மரத்துப்போகும். தூங்கும்போது மணிக்கட்டு தானாக மடங்குவதால் ராத்திரியில் கூடுதலாகத் தெரியும். கையை உதறினால் கொஞ்சம் சரியாகும். கார்ப்பல் டனல் என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான்.

கட்டைவிரல் பக்கம் மணிக்கட்டில் சுளீர் என்று வலித்தால் அது வேறு. குழந்தையைத் தூக்கும்போதும் சட்டியைக் கவிழ்க்கும்போதும் அந்த வலியில் உயிர் போகும். சுவிட்சர்லாந்து அறுவை மருத்துவர் டி குவர்வேன் 1895இல் விவரித்ததால் இன்றும் அவர் பெயரால் அதை அழைக்கிறார்கள். விரல் மடங்கிச் சிக்கிக்கொள்வது, அதாவது என் அம்மாவுக்கு இருந்தது, டிரிகர் ஃபிங்கர். விரலின் அடியில் நாண் புகுந்து போகும் வளையம் தடித்துவிடுவதால் வருவது. ஆரம்பத்திலேயே டாக்டரிடம் போனால் பெரும்பாலும் ஓய்வும் விரலை நேராக நிறுத்தும் பட்டையும் ஓர் ஊசியும் போதுமானதாக இருக்கும். முற்றினாலும் சிறிய அறுவைச் சிகிச்சையால் விடுவிக்கலாம். அம்மாவை அழைத்துக்கொண்டு போயிருக்கலாமே என்ற எண்ணம் எனக்கு உண்டு.

இதெல்லாம் கம்ப்யூட்டர் காலத்து நோய் என்று நினைப்பவர்களுக்கு ஒரு பழைய செய்தி. இத்தாலியில் பெர்னார்டினோ ராமஸ்ஸினி என்ற மருத்துவர் 1700இல் தொழிலாளர்களுக்கு வரும் நோய்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். 1713இல் அதை விரித்து எழுதியபோது எழுத்தர்களையும் சேர்த்துக்கொண்டார். நாளெல்லாம் உட்கார்ந்தே இருப்பது, கையை ஒரே விதமாக அசைத்துக்கொண்டே இருப்பது, தப்பு வந்துவிடக் கூடாதே என்ற மன இறுக்கம் என்று மூன்று காரணங்கள் சொன்னார். மூன்றாவதைப் படித்தபோது வியந்துபோனேன். கோடு பிசகிவிடக் கூடாது என்ற பயத்தில்தான் ஓவியர்கள் பென்சிலை நெரிக்கிறார்கள். ராமஸ்ஸினிக்குத் தெரிந்த ஓர் எழுத்தருக்கு வலது கை ஓய்ந்துபோனது. அவர் விடாமல் இடது கையால் எழுதப் பழகினார். சிறிது காலத்தில் இடது கைக்கும் அதே நோய் வந்துவிட்டது. அவர் கையை மாற்றினாரே தவிர, வேலை செய்கிற விதத்தை மாற்றவில்லை.

எழுத உட்கார்ந்தால் மட்டும் கை முறுக்கிக்கொள்வது என்று தனியாக ஒன்று இருக்கிறது. அதே கையால் சோறு பிசையலாம், சட்டைப் பொத்தான் போடலாம், பேனாவை எடுத்தால் மட்டும் விரல் கேட்காது. அதன் வேர் மூளையில் இருக்கிறது. அமெரிக்கப் பியானோ கலைஞர் லியோன் ஃப்ளைஷருக்கு 1960களில் வலது கையில் வந்தது இந்த வகைதான். பல ஆண்டுகள் இடது கைக்கென்று எழுதப்பட்ட இசையை மட்டுமே வாசித்தார். போடாக்ஸ் ஊசி வந்த பிறகு, 1990களில் மறுபடி இரண்டு கைகளாலும் வாசிக்க முடிந்தது. இப்படிப்பட்ட பிடிப்பு இருப்பவர்கள் "இன்னும் பயிற்சி போதவில்லை" என்று தங்களையே வருத்திக்கொள்ளக் கூடாது. பயிற்சியைக் கூட்டினால் இது சரியாகாது. நரம்பியல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

நம் சமூகத்துக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது, அதை யாரும் கைவலியோடு சேர்த்துப் பேசுவதில்லை. இனிப்பு நீர். 2019ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு நீரிழிவு இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் மிக அதிகம். நீரிழிவு உள்ளவர்களுக்குக் கார்ப்பல் டனலும் விரல் சிக்கிக்கொள்வதும் மற்றவர்களைவிட அதிகமாக வருகின்றன. ஆகவே விரல் மரத்துப்போகிறது என்றால் கையைக் காட்டுவதோடு இரத்தத்தில் சர்க்கரையையும் பார்த்துவிடுங்கள். கடையில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு இரவெல்லாம் வரைகிறவர்களையும் எனக்குத் தெரியும். நீரிழிவால் சிறுநீரகம் ஏற்கெனவே பலவீனமாக இருந்தால் அந்த மாத்திரைகள் அதை மேலும் கெடுக்கும். வலி தெரியாமல் வரைந்தால் வீக்கமும் கூடும்.

ஓவியர் என்றவுடன் தாளில் வரைபவர்களை மட்டும் நான் எண்ணவில்லை. ஈப்போ லிட்டில் இந்தியாவில் தீபாவளி நெருங்கும்போது மருதாணி போடும் பெண்களைப் பாருங்கள். ஒரு கை முடிந்ததும் அடுத்த கை, இடையில் தண்ணீர் குடிக்கவும் நேரமிருக்காது. கோனைப் பிதுக்கிக்கொண்டே இருப்பது கட்டைவிரலின் அடித்தசைக்குக் கடுமையான வேலை. இதில் கவனிக்க வேண்டிய முதல் விஷயம் மருதாணிக் குழைவு. பொடியை நன்றாகச் சலித்து, கொஞ்சம் இளக்கமாகக் கரைத்தால் பிதுக்கத் தேவையான பலம் குறையும். வாடிக்கையாளரின் கையைத் தலையணையில் உயர்த்தி வைத்தால் நீங்கள் குனிய வேண்டியதில்லை. வண்ண அரிசியில் கோலம் போடுகிறவர்கள் விரல்நுனியால் கிள்ளிக் கிள்ளித் தூவுவதற்குப் பதில், பெரிய இடங்களைச் சிறிய புனலாலோ காகிதக் கூம்பாலோ நிரப்பிவிட்டு, ஓரக்கோட்டுக்கு மட்டும் விரலை வைத்துக்கொள்ளலாம். திரையில் வரைகிற பிள்ளைகளுக்கு வேறு சிக்கல். கண்ணாடி வழுக்குவதால் கை தானாகவே எழுதுகோலை இறுக்கும். சொரசொரப்பான ஒட்டுப்படலம் ஒன்றை ஒட்டினால் அந்த இறுக்கம் குறையும். எழுதுகோலில் நுரை உறையை மாட்டித் தடிமனாக்கினாலும் நல்லது.

எந்த ஓவியருக்கும் பொதுவாக ஒன்று சொல்வேன். கோட்டைத் தோளிலிருந்து போடுங்கள். நீளமான கோடு, பெரிய வளைவு எல்லாம் முழுக் கையின் அசைவில் வரட்டும். கண் இமை, காதணி போன்ற நுணுக்கத்துக்கு மட்டும் விரலைக் கூப்பிடுங்கள். சாய்பலகை வைத்து வரைந்தால் மணிக்கட்டு நேராக இருக்கும். பென்சிலை நுனியில் பிடிக்காமல் கொஞ்சம் மேலே பிடியுங்கள், மெல்லிய பந்துமுனைப் பேனாவைவிட மென்மையான பென்சில் குறைந்த அழுத்தத்திலேயே கறுப்பைக் கொடுக்கும். அரைமணிக்கு ஒருமுறை எழுந்து, விரல்களை விரித்து மூடி, மணிக்கட்டை மெல்ல முன்னும் பின்னும் நீட்டி விடுங்கள். காலையில் விறைப்பாக இருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் கையை வைத்திருந்துவிட்டு ஆரம்பிக்கலாம். ராத்திரி விரல் மரத்துப்போகிறவர்களில் பலருக்கு, மணிக்கட்டை நேராக நிறுத்தும் பட்டையைப் போட்டுக்கொண்டு படுத்தால் நல்ல நிவாரணம் கிடைக்கிறது. தைலத்தை நான் குறை சொல்லமாட்டேன், நம் வீடுகளில் அது ஓர் ஆறுதல். நசுங்கிய நரம்பை அதனால் விடுவிக்க முடியாது என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

எப்போது டாக்டரிடம் போவது? மரத்துப்போவது வாரக்கணக்கில் நீடித்தால், கையிலிருந்து பொருள் நழுவினால், கட்டைவிரலின் அடியில் இருக்கும் சதைமேடு வற்றிக்கொண்டு வந்தால் தள்ளிப்போடாதீர்கள். குடிமக்கள் அரசாங்க கிளினிக்கில் ஒரு வெள்ளி கட்டி டாக்டரைப் பார்க்கலாம், அங்கிருந்து பெரிய மருத்துவமனைக்கு எழுதிக் கொடுப்பார்கள். திடீரென்று ஒரு பக்கக் கை சோர்ந்து, வாய் கோணி, பேச்சுக் குழறினால் அது கைவலி சமாசாரமே இல்லை. அது பக்கவாதம், உடனே 999க்கு அடியுங்கள்.

பக்கவாதம் என்றதும் கோபுலு ஐயாவைச் சொல்ல வேண்டும். 1924இல் தஞ்சாவூரில் பிறந்து, கும்பகோணம் ஓவியப் பள்ளியில் படித்து, ஆனந்த விகடனில் தமிழ் முகங்களை வரைந்தவர். தில்லானா மோகனாம்பாள் தொடர்கதைக்கு அவர் வரைந்த படங்களைப் பார்த்து இங்கே தோட்டத்து நூலகங்களில் வளர்ந்தவர்கள் எத்தனையோ பேர். முதுமையில் பக்கவாதம் தாக்கி வலது கை செயலிழந்தபோது, இடது கையால் வரையப் பழகிக்கொண்டார். 2015இல் மறைந்தார். இதை நெஞ்சுரத்துக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள், சரிதான். எனக்கு அதில் தெரிவது கையை விடவும் கண்ணும் மனமும்தான் ஓவியம் என்ற உண்மை. அறுபது வருடம் பார்த்துப் பார்த்துச் சேர்த்தது வேறொரு கையிலும் வெளிப்பட்டது.

பிரெஞ்சு ஓவியர் ரெனுவாருக்கு ஐம்பது வயதை ஒட்டி முடக்குவாதம் வந்து, கடைசி இருபது ஆண்டுகளில் விரல்கள் முழுக்கக் கோணிவிட்டன. தூரிகையைக் கையில் கட்டிவிட்டு வரைந்தார் என்று கதை சொல்வார்கள். அவர் கையில் சுற்றியிருந்த துணி, நகங்கள் உள்ளங்கைத் தோலைப் புண்ணாக்காமல் இருப்பதற்காகத்தான். தூரிகையை மற்றவர்கள் விரலிடுக்கில் வைத்துக் கொடுத்தார்கள், அவரே பிடித்து வரைந்தார். 1915இல் எடுத்த சலனப்படத்தில் அதைக் காணலாம். பெரிய படங்களுக்குக் கை எட்டாதபோது, திரைச்சீலையை உருளையில் சுற்றி நகர்த்தும் ஏற்பாடு ஒன்றைச் செய்துகொண்டார். கைக்கு ஏற்றபடி கருவியை மாற்றினார் என்பதுதான் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது. வலியைத் தாங்கியதால் அவர் பெரிய ஓவியராகவில்லை. வலி வருவதற்கு முன்பே அவர் பெரிய ஓவியர்.

கலைஞனுக்கு வலி ஒரு பட்டயம் என்பதுபோல நாம் பேசிப் பழகிவிட்டோம். மேடையில் பொன்னாடை போர்த்தும்போது "ஊண் உறக்கமின்றி வரைந்தார்" என்று புகழ்கிறோம். அந்தப் புகழ்ச்சி இளையவர்களுக்குத் தவறான பாடத்தைச் சொல்கிறது. வரைவது உழைப்பு. உழைக்கிற கைக்கு நம் நாட்டுச் சட்டத்தில் இடம் இருக்கிறது. 1969ஆம் ஆண்டு ஊழியர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலில், ஓயாமல் ஒரே அசைவைச் செய்வதால் கையிலும் முன்கையிலும் வரும் பிடிப்பு சேர்க்கப்பட்டிருக்கிறது. நிறுவனத்தில் வேலை பார்க்கும் வடிவமைப்பாளர்கள் இதைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். சொந்தமாக வேலை எடுத்துச் செய்யும் ஓவியர்களுக்கும் மருதாணிக் கலைஞர்களுக்கும் 2017இல் வந்த சுயதொழில் சமூகப் பாதுகாப்புச் சட்டம் உண்டு. 2020 முதல் கலைத்துறையும் அதற்குள் வந்துவிட்டது. சொக்சோ எனும் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் அலுவலகத்தில் கேட்டுப் பதிந்துகொள்ளுங்கள். உரிமை கோரும் நாள் வந்தால் மருத்துவப் பதிவுகள் வேண்டும். அதற்காகவாவது வலியை டாக்டரிடம் சொல்லி எழுத்தில் ஏற்றி வையுங்கள்.

வேலை கொடுக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. கோயில் திருவிழாப் பதாகை, கல்யாண மண்டபக் கோலம், புத்தக அட்டை எதுவாக இருந்தாலும், கடைசி நேரத்தில் "நாளைக்கே வேணும்" என்று கேட்பது ஓவியரின் மணிக்கட்டில்தான் போய் இறங்குகிறது. முன்கூட்டியே சொல்லுங்கள். திருத்தங்களை ஒரே தடவையில் சொல்லுங்கள். கூலியை ஒழுங்காகக் கொடுத்தால், அவர்கள் ஒரே இரவில் மூன்று வேலையை இழுத்துப்போட்டுக்கொள்ள வேண்டியிருக்காது. நம் இதழில் இந்த மலரிலிருந்து எல்லா ஓவியங்களுக்கும் நான்கு வார அவகாசம் தருகிறோம். கைவலியால் ஒருவர் படம் தர முடியாமல் போனாலும் அவருக்குரிய அடுத்த வேலை அவருக்கே இருக்கும்.

மலருக்கு வரைந்துகொண்டிருக்கும் தம்பி தங்கைகளே, கை வலித்தால் மறைக்காதீர்கள். என்னைக் கூப்பிடுங்கள், தேதியைத் தள்ளிவைப்போம். முதலில் டாக்டரைப் பாருங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்
தஞ்சோங் மாலிம்